பத்து உறைகளின் எடை

எங்கள் பிரிவில் இருக்கும் தராசு ஒரு கிராமுக்குக் கீழே வாயைத் திறக்காது. நுட்பமான தராசு ஒன்று வேண்டும் என்று நான் ஏழு முறை எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறதாம். ஆனாலும் நடந்ததற்கெல்லாம் தராசைக் குற்றம் சொன்னால் அது நியாயமாகாது. தராசு செய்தது பாதிதான். மீதியைச் செய்தவள் நான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வராது. நாட்டில் விற்கும் உணவுப் பொருள்களைச் சுற்றியிருக்கும் உறை, டப்பா, அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் எங்கள் அலுவலகம் கணக்கு வைக்கிறது. ஒவ்வொன்றையும் செய்வதற்கும், சுமப்பதற்கும், கடைசியில் குப்பைமேட்டில் எரிப்பதற்கும் எவ்வளவு கரிவாயு மேலே போகிறது என்பது கணக்கு. வானம் சூடாவதில் பிஸ்கட் உறைக்கு எவ்வளவு பங்கு, சாஸ் பொட்டலத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஆண்டுக்கொரு அட்டவணை வெளிவரும். அந்த அட்டவணையின் அடிமட்டத்தில் நான் இருக்கிறேன். கடைகளிலிருந்து வரும் காலி உறைகளைக் கழுவி, கயிற்றில் உலர்த்தி, எடை பார்த்துப் படிவத்தில் எழுதுகிறேன். என் அறைக்குள் முதல்முதலாக வருகிறவர்கள், யாரோ பொம்மைகளுக்குத் துணி துவைத்துக் காயப்போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

காப்பித்தூள், சாஸ், சர்க்கரை வரும் விரலளவு உறைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒன்று என்றுதான் காட்டும், புள்ளிக்குப் பிறகு வருவது தெரியாது. அதனால் பத்தைச் சேர்த்து வைப்போம். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு: ‘எடை (சிறு உறை எனில் பத்து சேர்த்து)’. பத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கிராம் வந்தால், நான் அந்தக் கட்டத்தில் ஒன்று புள்ளி இரண்டு என்று எழுதினேன். பள்ளியில் கணக்கை அரைகுறையாக விட்டால் விரல் முட்டியில் அடி விழும். விடை வந்த பிறகுதான் அடியில் கோடு போட வேண்டும். அந்தப் பழக்கம்தான். பத்தின் எடையை யாராவது மேலே கேட்பார்களா, ஒன்றின் எடையைத்தானே கேட்பார்கள், அவர்களுக்கு எதற்கு வேலை வைக்க வேண்டும் என்று நானே வகுத்துக் கொடுத்தேன். மூன்று ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்தேன்.

முதலாண்டு அட்டவணை வந்தபோது எங்கள் வீட்டில் பெரிய மகிழ்ச்சி. நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தான் உறை செய்யும் கம்பெனியில் ஒட்டும் மெஷின் ஓட்டுகிறார். அச்சடித்த தாள், அலுமினியத் தாள், உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் என்று மூன்றையும் ஒட்டிச் சுருளாக்குவது அந்த மெஷின். “நான் ஒட்டினா கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது” என்பார். அதுதான் பிரச்சினையும். பிரிக்க முடியாததை மறுபடி உருக்கவும் முடியாது. இந்தச் சிறு உறைகளைத் தடை செய்யப் போவதாக அரசு அறிவித்தவுடன் கம்பெனி கதவை இழுத்து மூடியது. அத்தான் பதினோரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். முதல் மாதம் வீட்டுக் குழாய்களையெல்லாம் சரிசெய்தார். இரண்டாம் மாதம் சரியாயிருந்த குழாய்களையும் சரிசெய்தார். அதன் பிறகு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யாரோடும் பேசாமலானார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அட்டவணை வந்தது. உணவுப் பொட்டலங்களால் வரும் மொத்தப் புகையில் சிறு உறைகளின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அமைச்சகம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. புறக்கணிக்கத்தக்க அளவு என்று சொல்லிச் சிறு உறைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். கம்பெனி திறந்தது. அத்தான் எழுந்து முகம் மழித்தார். அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நான் என்னக்கா பண்ணேன்? எடை பார்த்தேன், எழுதினேன்.”

“அதைத்தான்டி சொல்றேன். நல்ல கை உனக்கு.”

நல்ல கை. அந்தச் சொல்லை மறக்காமல் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டு அட்டவணை வந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு மாலை நாங்கள் மூவரும் அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் அடுக்களை அலமாரி முழுக்க அத்தான் கொண்டுவந்த அச்சுப் பிழையான சுருள் தாள்தான் விரித்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைகீழான தக்காளி சிரிக்கும். அத்தான் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“மச்சினி, உங்க ஆபீசுல நாள்பூரா நாலு பாக்கெட்டை நிறுத்துட்டு டீ குடிக்கிறீங்க. இங்க நாங்க ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுறோம் தெரியுமா?”

“எவ்வளவு?”

“மூணு மெஷின். பதினாறு டன்.”

“எல்லாம் சின்னப் பாக்கெட்டுக்கா?”

“பின்ன? பெரிய பாக்கெட்டை எவன் வாங்குறான் இப்ப?”

“இவரு ஒருத்தரே பதினாறு டன்னையும் தோள்ல தூக்கிட்டு வந்த மாதிரி பேசுவாரு. தட்டுல இருக்கறதைச் சாப்பிடுங்க” என்றாள் அக்கா.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்றால் நானூறு டன். ஆண்டுக்கு நாலாயிரத்து எண்ணூறு. எங்கள் அட்டவணையில் நாடு முழுவதற்குமான சிறு உறைகளின் எடை நாலாயிரத்து நூறு டன். நானே சரிபார்த்த எண் அது.

“அத்தான், உங்க கம்பெனி மாதிரி நாட்டுல எத்தனை இருக்கும்?”

“ஒரு எட்டு ஒம்பது இருக்கும். ஏன், எனக்கு வேற வேலை பாக்குறியா?”

நாடு முழுக்க ஓடுவதைவிட எங்கள் தெருக்கோடியில் ஒரு கம்பெனி அதிகமாக ஓட்டுகிறது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். தக்காளிகளெல்லாம் தலைகீழாக என்னையே பார்த்தன.

மறுநாள் அலுவலகத்தில் நேராகப் ‘பொத்தான்’ இருக்கும் அறைக்குப் போனேன். கணிப்பொறியில் எண்களை ஏற்றும் பெண் அவள். எதைக் கேட்டாலும் பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் என்பாள், அதனால் அந்தப் பெயர்.

“சிறு உறைக்கு நான் எழுதித் தர்ற எடையை நீ என்ன பண்றே?”

“ஏத்துவேன். அது பத்தால வகுத்துக்கும்.”

“எது?”

“மெஷின்தான். நான் எதுக்குக்கா வகுக்கணும்? நான் அஞ்சாம் வகுப்புலயே வகுத்தலுக்குக் கும்பிடு போட்டவ.”

“நானும் வகுத்துத்தானே குடுத்தேன்.”

அவள் விரல் விசைப்பலகையின் மேலேயே நின்றது. பிறகு மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க இதைச் சொல்லலை. எனக்கும் காது கேக்கலை.”

“பழைய படிவத்தை எடு.”

“எடுத்தா எனக்கும் காது கேட்டிருக்குன்னு ஆயிடுமே.”

நானே எடுத்தேன். மூன்று ஆண்டுப் படிவங்களும் என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், பளிச்சென்று இருந்தன. ஒன்று புள்ளி இரண்டு. ஒன்று புள்ளி நான்கு. பெரிய உறைகளைத் தனித்தனியாக எடை போட்டதால் அவை சரி. சிறு உறைகள் மட்டும் இரண்டு முறை வகுபட்டிருந்தன. நாலாயிரத்து நூறு டன் இல்லை, நாற்பத்தோராயிரம். நூற்றில் ஒன்றுக்குக் கீழே இல்லை, எட்டுக்கு மேல். வேறு எந்தத் தனி உறையும் அவ்வளவு கிடையாது. புறக்கணிக்கத்தக்கது என்று விட்டதுதான் பட்டியலிலேயே முதல்.

வீட்டில் சொல்லாமலே மேலதிகாரிக்கு எழுதியிருக்கலாம். அத்தான் சம்பாதித்ததை மூன்று வேளையும் தின்றுகொண்டு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. அன்று மாலையே இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டல் கழித்தல் உட்பட.

அக்காதான் முதலில் கேட்டாள்.

“சரி. இது யாருக்குத் தெரியும்?”

“எனக்கு.”

“அப்புறம் என்னடி? விடேன்.”

“எப்படிக்கா விடறது? தப்பு என் கையால நடந்தது.”

“அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி! மூணு வருஷமா உனக்கே தெரியாத தப்பு, இனிமே யாருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? தூங்குற பாம்பை இடறி எழுப்பிட்டு, கடிக்குது கடிக்குதுன்னு கத்தப் போறியா?”

“விலக்கு போயிடுமா?” என்று அத்தான் கேட்டார். குரல் அந்த ஜன்னலோர நாற்காலியிலிருந்து வந்தது போல இருந்தது.

“போகலாம், அத்தான்.”

“கம்பெனி மூடும்.”

“மூடலாம்.”

“இங்க பாரு. பெரிய டப்பா வாங்க வக்கிருக்கவன் எதுக்குச் சின்னப் பாக்கெட் வாங்கப் போறான்? இல்லாதவன்தான் வாங்குறான். அன்னன்னிக்குக் காப்பிக்கு அன்னன்னிக்கு ஒண்ணு கிழிக்கிறான். அவன் வாயில மண்ணைப் போடப் போறியா? கார்ல போறவன் விடற புகைக்குக் கணக்கு இல்லை, என் பாக்கெட்டுக்குத்தான் கணக்கா?”

அவர் சொன்னதில் பாதி உண்மை.

“அதைச் சொல்லியே விலக்கு வாங்கட்டும் அத்தான். ஏழை வாங்குறான், அதனால வேணும்னு சொல்லட்டும். நான் கேக்க மாட்டேன். என் தப்பை வெச்சு வாங்கினது மட்டும் வேண்டாம்.”

“பேச்சைப் பாரு, பேச்சை” என்று அக்கா எழுந்தாள். “பதினோரு மாசம் இந்த மனுஷன் எப்படி உக்காந்திருந்தாருன்னு பாத்தே இல்ல? கண்ணு முன்னாடிதானே இருந்தே? அவரு மறுபடி அங்க உக்காந்தா, என்னை அக்கான்னு கூப்பிடாதே.”

அன்று சாப்பாடு மேசையில் மூடிவைத்திருந்தது. போடுவதற்கு யாரும் வரவில்லை.

மறுநாள் கடிதத்தை எழுதினேன். ஐயா, பொருள்: சிறு உறைகளின் எடையில் நேர்ந்த பிழை. பார்வை: மூன்று ஆண்டு அட்டவணைகள். பிழை எப்படி நேர்ந்தது, யாரால் நேர்ந்தது, சரியான எண் எது, எந்த ஆணை அந்த எண்ணை நம்பிப் பிறப்பிக்கப்பட்டது என்று வரிசையாக எழுதி, பத்துப் பத்தாகப் புதிதாக எடை போட்ட பட்டியலையும் இணைத்து, இணை இயக்குநரின் மேசையில் என் கையாலேயே வைத்தேன். எட்டு நாள் பதில் இல்லை. வீட்டிலும் எட்டு நாள் பேச்சில்லை. என் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டியிருந்தது. அத்தான் மட்டும் வெளியே போகும்போது வாசலில் ஒரு நொடி நிற்பார். எதையோ கேட்க வருவார், கேட்காமல் போய்விடுவார்.

ஒன்பதாம் நாள் இணை இயக்குநர் கூப்பிட்டார். அவர் அறையில் காப்பி வந்திருந்தது. நான்கு சர்க்கரை உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொட்டிக் கலக்கினார். காலி உறைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

“உக்காருங்கம்மா. கடிதம் ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு பிழை கிடையாது.”

“பிழையைப் பத்தித்தான் ஐயா கடிதமே.”

அவர் சிரித்தார். நல்ல மனிதரின் சிரிப்பு அது.

“ஒத்துக்கறேன். உங்க எண் சரிதான். நானும் போட்டுப் பாத்துட்டேன். இப்ப சொல்லுங்க, வர்ற வருஷம் இதை அப்படியே போட்டா என்ன ஆகும்? போன வருஷம் நாலாயிரம், இந்த வருஷம் நாப்பதாயிரம். ஒரே வருஷத்துல பத்து மடங்கு ஏறிடுச்சுன்னு பேப்பர்ல எழுதுவான்.”

“ஏறலை ஐயா. பழசு தப்புன்னு ஒரு குறிப்பு போடலாமே.”

“போடலாம். மூணு அட்டவணையும் தப்புன்னு ஆயிடும். சிறு உறையிலயே தப்புன்னா டப்பாவுல எத்தனை தப்போன்னு கேப்பான். மூணு வருஷம் ஒரே சீரா வந்த கணக்கும்மா. அளவு முன்னபின்ன இருந்தாலும் சீரா இருக்கணும். அப்பத்தான் ஏறுதா இறங்குதான்னு தெரியும்.”

“பத்துல ஒரு பங்கை வெச்சுக்கிட்டா ஐயா?”

“நாடு பெரிசு. எதை எதால வகுத்தாலும் இங்க சின்னதாத்தான் தெரியும். உங்க நாப்பதாயிரத்தையே தலைக்கு எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க, கண்ணுக்கே தெரியாது.” காப்பியை ஒரு மிடறு குடித்தார். “அது இருக்கட்டும். உங்க அத்தான் எங்க வேலை பாக்குறார்?”

நான் கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

“அவரு வேலை போன சமயத்துலதான் இந்தத் தப்பு நடந்திருக்கு, இல்லையா? அந்தத் தப்பாலதான் வேலை திரும்பக் கிடைச்சிருக்கு.”

“தெரிஞ்சு பண்ணலை ஐயா. தெரிஞ்சு பண்ணியிருந்தா நானே வந்து சொல்வேனா?”

“எனக்குத் தெரியும்மா, நான் நம்புறேன். விசாரணைக் குழுவுல உக்காரப் போறவங்களுக்கு உங்களைத் தெரியாதே.”

கடிதத்தை மேசைமேல் வைத்து, இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். அது காலி சர்க்கரை உறைகளை இடித்துக்கொண்டு வந்து நின்றது.

“இது என் கைக்கு வரலை. ஆனா இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. நம்ம வழிமுறைக் குறிப்புல, எடையைப் படிவத்துல எப்படி எழுதணும்னு தெளிவா இல்லை. அதனாலதானே குழப்பம்? நீங்க இதுவரை எப்படிப் பண்ணீங்களோ அதை அப்படியே ஒரு பத்தியா எழுதிக் குடுத்துடுங்க. இனி யாரு வந்தாலும் அதே மாதிரி பண்ணுவாங்க. உங்க கையெழுத்து நல்லா இருக்கும், அப்படியே அச்சுக்குக் குடுத்துடலாம்.”

அப்போது நான் எழுந்து போயிருக்கலாம். அமைச்சகத்துக்கு எழுதியிருக்கலாம், பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். முகவரிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் விசாரணை மேசை ஒன்றின் இந்தப் பக்கம் நான், பக்கத்தில் அத்தான், வெளியே பெஞ்சில் அக்கா. இரண்டு பேர் வேலையும் போகும், பெயரும் போகும். பயந்துவிட்டேன். அதை வேறு நல்ல சொல்லால் சொல்ல நான் பார்க்கவில்லை.

என் இடத்துக்கு வந்து, உலரும் உறைகளுக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். வழிமுறைக் குறிப்பு, ஆறாம் பத்தி: சிறு உறைகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து எடை பார்க்க வேண்டும். வரும் எடையைப் பத்தால் வகுத்துப் படிவத்தில் எழுத வேண்டும். அடியில் கோடு போட்டேன்.

அந்த வழியாகப் போன பொத்தான் எட்டிப் பார்த்தாள்.

“மெஷினை மாத்தணுமாக்கா?”

“வேண்டாம். மெஷின் வகுக்கறபடி வகுக்கட்டும்.”

“அப்பாடா” என்று போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது, இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. எல்லாம் பழையபடியே இருக்கும்.”

“உன்னை ஒண்ணும் சொல்லலையே?”

“கையெழுத்து நல்லா இருக்குன்னாங்க.”

அவள் என் தோள்பையை வாங்கிக்கொண்டாள். “கையைக் கழுவிட்டு வா, சாப்பிடு.” ஒன்பது நாளில் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. சூடாகப் போட்டாள், போதும் என்ற பிறகும் போட்டாள். நான் தோற்று வந்ததற்கு அந்த வீட்டில் நடந்த விருந்து அது. எனக்கும் பசித்தது. சாப்பிட்டேன். அத்தான் எதிரில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

“மனசுல வெச்சுக்காதே மச்சினி” என்றார்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியில் நான்காவது மெஷின் இறங்கியது. விலக்கு நிலையாகிவிட்டது என்று முதலாளி கடன் வாங்கிப் போட்டாராம். அத்தான்தான் அதற்கு மூத்த ஆள். அன்று மாலை சட்டைப்பையில் எதையோ வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

“மெஷினுக்குப் பசங்க பேரு வெச்சுட்டாங்க. என்ன பேரு சொல்லு?”

“என்ன?”

“மச்சினி!” என்று தொடையைத் தட்டிக்கொண்டார். “‘அண்ணே, மச்சினி ஓடுதா, மச்சினி நின்னுடுச்சா’ன்னு ஒரே கூத்து. நம்ம வயித்துல பால் வார்த்த கணக்கு ஆபீஸ் மச்சினி பேரு வெளங்கட்டும்னு நான்தான் வெக்கச் சொன்னேன்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். புது மெஷினில் முதல்முதலாக ஒட்டிய தாளில் வெட்டிய சாஸ் உறைகள், எண்ணிப் பத்து. தக்காளி இந்த முறை நேராக இருந்தது.

“நீ பத்துப் பத்தாத்தானே நிறுப்பே? முதல்ல உன் தராசுலதான் ஏறணும். ராசியான கை.”

மறுநாள் காலை அவற்றைக் கழுவவேண்டிய அவசியம்கூட இல்லை, உள்ளே இன்னும் எதையும் நிரப்பியிருக்கவில்லை. பத்தையும் அடுக்கித் தராசில் வைத்தேன். பதின்மூன்று என்றது. படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு, ஆறாம் பத்தியில் உள்ளபடி, ஒன்று புள்ளி மூன்று என்று எழுதினேன்.